வாய் கட்டிய புல்லட்

கண்ணையனின் புல்லட் எண்பத்து நாலாம் வருடத்து வண்டி. நிறுத்திய இடத்தில் எல்லாம் எண்ணெய் சொட்டும். அவர் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு அவர் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வண்டிதான் அவருக்குக் கால்.

ஒரே மாதத்தில் மூன்று முறை இன்ஜினைப் பிரித்து, எண்ணெய் கசியாமல் இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டுவிட்டார். இங்கே அடைத்தால் அங்கே கசிந்தது. பின்னால் உட்கார்ந்து போன மனைவி தனத்தின் பட்டுப்புடவை பாழானதும், பண்ருட்டிப் பழைய வண்டி வியாபாரி சிங்காரவேலுவை அவளே வரச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழம வராரு. போற வழியெல்லாம் எண்ணெ அபிஷேகம் பண்ணிகினு போனது போதுங்க."

"இன்னும் மூணு நாள் இருக்குது இல்ல? கசிவு நின்னுச்சின்னா வண்டி இங்கதான்."

"நீங்களும் வுடமாட்டீங்க, அதுவும் நிக்காது!"

மறுநாள் சாயங்காலம், திருவதிகை வீரட்டானேசுவரரை மனதில் வேண்டிக்கொண்டு வண்டியருகே குத்துக்காலிட்டார். டீ கொண்டுவந்த தனம், இன்ஜினிலிருந்து தொங்கிய ரப்பர் குழாயைப் பார்த்தாள். அதன் வாயில் துணி சுற்றி, கம்பியால் இறுக்கியிருந்தது.

"இது இன்னா கட்டு?"

"நான்தான் கட்டினேன். கரித்தூசி உள்ள பூந்துடக் கூடாதுன்னு."

"வேலையில மூஞ்சில துணி கட்டினா மூச்சு முட்டுதுன்னு நீங்க கழட்டிடுறீங்க. அதுக்கு மட்டும் முட்டாதா?"

கண்ணையன் டீயைக் கீழே வைத்துவிட்டார். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் அடியிலுள்ள காற்று வெளியே போகத்தானே அந்தக் குழாய்? அதை அடைத்தால், காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு கிடைத்த இடுக்கிலெல்லாம் வரும். கேஸ்கட் பாவம், என்ன செய்யும்? குற்றம் தன் கையில்தான் இருந்திருக்கிறது.

துணியை அவிழ்த்து வண்டியை உதைத்தார். குழாய் வாயில் விரல் வைத்ததும் காற்று புஸ்ஸென்று தள்ளியது. உடனே உள்ளே இழுத்தது. இப்படியே விட்டால் தூசியையும் இழுக்குமே! வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேரே பண்ருட்டி போனார். மூன்று கடை ஏறி இறங்கி, உதடு போல ஒட்டியிருக்கும் சின்ன ரப்பர் மூடியைத் தேடி வாங்கினார். காற்று வெளியே வரும்போது உதடு திறக்கும், இழுக்கும்போது மூடிக்கொள்ளும். அதை அங்கேயே மாட்டி, இன்ஜினைத் துடைத்து, நெய்வேலிக்குப் பக்கத்திலுள்ள மந்தாரக்குப்பம் வரை ஓட்டிவந்து அடியில் தடவினார். கை காய்ந்தே இருந்தது. "ஈசனே!" என்றார்.

வெள்ளி காலை ஏழு மணிக்குச் சிங்காரவேலு மினி லாரியோடு வந்து நின்றார்.

"வண்டி எங்கம்மா?"

"ஷிப்ட்டுக்குப் போயிருக்குதுங்க," என்றாள் தனம். "டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்கண்ணா."