அம்மை போட்டிருந்த வீட்டில் ஒரு மந்திரவாதி

2004-ஆம் வருடம், பங்குனி மாதம். தேனி அல்லிநகரத்தில் குடியிருந்தோம். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் முத்து. அதில் ஒன்று வலது கண்ணின் ஓரத்தில், இமை விளிம்பிலேயே கிளம்பிவிட்டது.

அம்மை போட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். காதில் வாங்காமல் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் இன்னும் எதுவும் இல்லை, ஆனால் பிள்ளை அந்த முத்தைச் சொறிந்து உடைத்துவிட்டால் பார்வைக்கே ஆபத்தாகலாம், அது தானாக உதிரும்வரை கண்ணில் கை படக்கூடாது என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். அவர் சொல்லிவிட்டார். பிள்ளையோ நமைச்சல் தாங்காமல் பாயில் புரள்கிறாள். கையைப் பிடித்தால் அழுகை, விட்டால் நேரே கண்ணுக்குப் போகிறது.

கணவர் விடிவதற்குள் காய்கறி மண்டிக்குப் போய்விடுவார். பகல் முழுக்க நானும் அவளும்தான். கையில் துணியைச் சுற்றினேன், பல்லால் இழுத்துப் போட்டாள். கதை சொன்னேன், பாதியில் எனக்கே கதை மறந்துபோனது. அப்போதுதான், என் கொழுந்தன் படிப்புக்காக வாங்கி எங்கள் வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள். அதில் அவளும் சித்தப்பாவும் விளையாடும் மந்திரவாதி விளையாட்டு ஒன்று உண்டு. விரலெல்லாம் முத்து என்பதால் அவளால் மௌஸைப் பிடிக்க முடியாது. நான் விளையாட வேண்டும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவாள். கைகள் மடியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

அதுவரை அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்ததோடு சரி. திரையில் ஒரு குட்டி மந்திரவாதி மூடிய கதவுக்கு முன்னால் நிற்பான். ஒரு நட்சத்திரக் கோடு மின்னும். மௌஸின் இடது பித்தானை அமுக்கியபடியே அந்தக் கோட்டின் மேல் பிசகாமல் ஒரு சுற்று வந்தால்தான் மந்திரம் பலித்துக் கதவு திறக்கும். கோலம் போடாத கையா என்று தெம்பாகத்தான் ஆரம்பித்தேன். கையைப் பார்த்தால் திரை தப்பிவிடும், திரையைப் பார்த்தால் கை தப்பிவிடும். பாதி நட்சத்திரம் போடுவதற்குள் மேஜை முடிந்துவிடும். மௌஸைத் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மந்திரவாதி புகைந்து புகைந்து கீழே விழுந்தான்.

“கையெடுக்காதம்மா. அமுக்கிக்கிட்டே சுத்து” என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் அழவில்லை, சொறியவும் இல்லை.

மறுநாள் என் கணவரின் அக்கா இளநீர் கொண்டுவந்தார். அம்மை வீடு என்பதால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றவர் திரையைப் பார்த்துவிட்டார்.

“ஆத்தா வந்து எறங்கியிருக்கா. அவ முன்னால மந்திரவாதி வித்தைய வச்சு வெளயாடுறீகளே, இது அடுக்குமா?”

உடனே நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம்தான், பிள்ளையின் விரல் கண்ணுக்குப் போய்விட்டது. எட்டிப் பிடித்தேன். அந்த முத்து சிவந்திருந்ததே தவிர உடையவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. வருவது வரட்டும் என்று மறுபடியும் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அன்று பார்த்து மௌஸ் மக்கர் செய்தது. பக்கவாட்டில் ஓடுகிறது, மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. எத்தனை இழுத்தாலும் நட்சத்திரம் நசுங்கிய தோசையாகத்தான் வந்தது. நான் உறுதியாக நம்பிவிட்டேன், இது தாயின் கோபம்தான் என்று. கோபம் இருந்தால் என்மேல் காட்டு தாயே, பிள்ளை கண்ணை விட்டுவிடு என்று வாய்விட்டே கும்பிட்டேன்.

மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மௌஸைத் திருப்பச் சொன்னாள். அடியில் இருக்கும் மூடியைச் சுற்றினால் ஒரு உருண்டை வெளியே வரும், சித்தப்பா அப்படித்தான் சுத்தம் செய்வார் என்றாள். திருப்பினேன். உருண்டை பச்சை மஞ்சளாக இருந்தது. உள்ளே உருளுகிற சின்னக் கம்பிகளில் மஞ்சளும் வேப்பிலையும் அப்பிக் காய்ந்துபோயிருந்தன. பொழுதுக்கும் அரைத்து அரைத்துப் பிள்ளைக்குப் பூசிய கையோடுதானே நான் மௌஸைப் பிடித்திருக்கிறேன்!

“எலிக்கும் சேத்து மஞ்சப் பூசிவிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அம்மை போட்டதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஹேர்பின்னால் சுரண்டி எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மெதுவாக ஒரு சுற்று. கதவு திறந்துகொண்டது. பிள்ளை கைதட்டப் போய், வலிக்குமே என்று முழங்கையால் என்னை இடித்தாள். அதற்குப் பிறகு எத்தனை கதவு திறந்தோம் என்று கணக்கில்லை. இமையோரத்து முத்தும் ஒருநாள் வாடி, பொருக்குத் தட்டி, தலையணையில் தானாக உதிர்ந்து கிடந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு டாக்டரிடம் போனோம். விளக்கு அடித்துப் பார்த்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்திலிருந்து கடைசி வரிப் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏதோ சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோவிலில், அம்மை இறங்கியதற்கு நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுத்தோம். என் கணவரின் அக்காவும் கூடவே வந்தார். அவர் அன்று அப்படிச் சொன்னதும் பிள்ளையை நினைத்த பயத்தில்தானே.

பிள்ளைக்கு நான் ராப்பகலாகத் துணையிருந்தேன் என்று சொந்தத்தில் இன்றும் சொல்வார்கள். பயத்தில் ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்த எனக்கு அந்த நாட்களில் துணையிருந்தது அவள்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.