செயலாளர் அனுப்பாத படிவம்

இருபத்தேழு ஆண்டுகள் அவர்தான் அந்தக் கால்பந்து கிளப்பின் செயலாளர். பந்தை ஒரு முறைகூட உதைத்ததில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் அங்கே யாரும் உதைத்துவிட முடியாது. ஆண்டுக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வைப்பார். ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். மச்சான்கள் இரண்டு பேர் கூடி அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பார்கள். கைத்தட்டலை அவரே தொடங்கிவைப்பார்.

அந்த ஆண்டு முன்வரிசைக்குப் புதிதாக ஒரு வெல்டர் ஆட வந்தான். செயலாளர் உள்ளே நுழைந்தபோது பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து நிற்கவில்லை. அது போதுமே! அவனுடைய பதிவுப் படிவத்தை லீக் அலுவலகத்துக்கு அனுப்பாமல் வீட்டு அலமாரியில் போட்டுவிட்டார். வந்து கெஞ்சட்டும் என்று காத்திருந்தார். அவனோ படிவம் போய்விட்டதென்று நினைத்து ஒன்பது கோல் போட்டான். பதிவில்லாத ஆள் ஆடியதாகச் சொல்லி, லீக் அலுவலகம் புள்ளிகளையெல்லாம் பறித்து அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியது.

“பசங்ககிட்ட ஒழுக்கம் இல்ல” என்று செயலாளர் பத்திரிகைக்காரரிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

இருபது வருடமாக அணியின் பனியன்களைத் துவைத்துப் போட்டவர் அவருடைய மனைவி. மடித்ததை அலமாரியில் அடுக்கப் போனபோது படிவம் கையில் அகப்பட்டது.

“இது ஏங்க இங்க கிடக்கு?”

“அதெல்லாம் கிளப் விஷயம். உனக்குப் புரியாது.”

அந்த அம்மாளுக்கு நன்றாகவே புரிந்தது. மறுநாள் பனியன் மூட்டையோடு படிவத்தையும் கேப்டனிடம் நீட்டினார்.

“இதையும் எடுத்துட்டுப் போப்பா. இந்த அழுக்க என்னால துவைக்க முடியாது.”

அடுத்த கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். கேப்டன் படிவத்தை மேஜைமேல் வைத்தான்.

“தபால்ல திரும்பி வந்திருக்கும்” என்றார் செயலாளர்.

“அனுப்பினாத்தானே சார் திரும்பி வரும்?”

முப்பத்தொரு கைகள் அவருக்கு எதிராக உயர்ந்தன. மச்சான்களில் இளையவரும் அக்காள் புருஷனின் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கிவிட்டார்.

அதற்கும் அவர் கூசவில்லை. தன்னைப் பற்றி ஒரு பாராட்டுரை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வாசிக்க யாரும் முன்வராததால் தானே எழுந்து வாசித்தார். ‘தன்னலமற்ற’ என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. பாதியிலேயே பலர் வெளியே போய்விட்டார்கள்.

மறு ஆண்டே அணி மேலே ஏறியது. கடைசி ஆட்டத்தைப் பார்க்க அவரும் வந்து, முதல் வரிசையில் நடுவாக உட்கார்ந்துகொண்டார்.

“எல்லாம் நான் போட்ட அஸ்திவாரம்” என்றார் பக்கத்து ஆளிடம்.

அந்த மனிதர் எழுந்து, இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.