திரேசம்மா வாங்கிய பைனாகுலர்

பள்ளிமுனைத் திரேசம்மாவைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. நல்ல மனுசி, வாயில்லாப் பூச்சி, கோயில் தவறாதவள். சரி, இருக்கட்டும். நடந்ததைக் கேளுங்கள்.

புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவள் கருவாட்டுக் கடகத்தைத் தலையில் ஏற்றினாள். மகள் றெஜினாவைக் கையில் பிடித்துக்கொண்டு எருக்கலம்பிட்டிவரை போய் விற்று வயிற்றைக் கழுவினாள். அங்கே சரீபாவின் வீடு இருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் அது இன்னொரு அடுப்படி. திரேசம்மா காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி ஊற்றியது சரீபா. றெஜினா கோயிலில் முதல்நன்மை வாங்கப் போட்ட சட்டையைத் தைத்துக் கொடுத்ததும் சரீபாதான்.

சரீபாவின் மகள் பௌசியாவுக்கும் றெஜினாவுக்கும் ஒரே வயது, ஒரே பைத்தியம்: பறவை. தகப்பன் குவைத்திலிருந்து கொண்டுவந்த பைனாகுலரைப் பௌசியா கழுத்தில் மாட்டிக்கொள்வாள். இரண்டும் உப்புநீர் தேங்கும் களப்புக் கரையே கதியென்று கிடக்கும். பூநாரை இறங்கிவிட்டால் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முதலில் பார்க்கக் கொடுப்பது எப்போதும் றெஜினாவுக்குத்தான். அப்படிப்பட்ட பிள்ளை பௌசியா.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துவக்கு ஏந்திய இயக்கப் பொடியள் ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற வேண்டும் என்றார்கள். சரீபா வீட்டாரும் ஊரோடு சேர்ந்து ஆளுக்கொரு பையோடு கடற்கரையில் காய்ந்து கிடந்து, கிடைத்த வள்ளத்தில் ஏறிப் போனார்கள். ஒரு போத்தல் தண்ணீராவது கொண்டுபோய்க் கொடுப்போம் என்று திரேசம்மா நினைத்தாள். நினைத்ததோடு சரி.

பிறகு ஊருக்குள் நல்ல நல்ல சாமான்கள் நடமாடத் தொடங்கின. கதிரை வந்தது, அலுமாரி வந்தது, தையல் மெசின் வந்தது. எங்கிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வள்ளம் திருத்தும் பஸ்ரியனின் கொட்டிலில் சாக்குக்கு அடியில் இரண்டு பைனாகுலர்கள் கிடந்தன.

றெஜினா அப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. ஒருநாள் தானாக வாயைத் திறந்தாள்.

"அம்மா, பஸ்ரியன் மாமாட்ட பைனாகுலர் கிடக்கு. வாங்கித் தாங்கோ. பாரமானதாப் பாத்து வாங்கோணும். ரண்டு வட்டமும் ஒண்டாச் சேரோணும்."

பிள்ளை சிரித்தால் போதும் என்று தாய் ஓடினாள்.

"எடுத்துப் பாருங்கோ அக்கா," என்றான் பஸ்ரியன். "ஆமியின்ர கண்ணிலயும் படக்கூடாது, பொடியளின்ர கண்ணிலயும் படக்கூடாது. அவ்வளவுதான்."

முதலாவது பிளாஸ்டிக். வள்ளத்தில் இருந்த ஒரு காகம் அதில் இரண்டாகத் தெரிந்தது. மற்றது நல்ல பாரம். காகத்தின் கண்மணியே தெரிந்தது. வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல். திரேசம்மா அந்தப் பக்கத்து வளையத்தைத் தடவினாள். அசையாதபடி பசை போட்டு ஒட்டியிருந்தது. பௌசியாவுக்கு வலக்கண் பார்வை குறைவு. அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வைத்துச் சரீபா பசை போட்டபோது, திரேசம்மா பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரின்ர, தம்பி?"

"ஆரின்ரயெண்டா என்ன? இப்ப என்ர. நீங்கள் எடுத்தா உங்கட."

இதைக் கண்டால் பிள்ளை துடித்துப் போவாளே என்று அவள் பயந்தாள். சிநேகிதியின் பொருள் எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது? ஒரு சாக்குக் கருவாட்டை விலையாக இறக்கிவிட்டுப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டாள். வழிநெடுகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு வந்தாள், பாவம்.

றெஜினா ஒருதரம் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பாயில் எறிந்தாள்.

"இதையேன் வாங்கினனீங்கள்? பௌசியான்ர எல்லே அங்க கிடக்கு! நான் போய்ப் பாத்திட்டுத்தானே சொன்னனான்!"

திரேசம்மா பாயில் கிடந்ததைக் குனிந்து எடுத்தாள்.

"அது... அவளின்ர எல்லே, பிள்ளை?"

"அவள்தான் போயிற்றாளே."

ஓங்கி ஒன்று வைத்திருக்க வேண்டும். வைத்தாளா? இல்லை. இன்னொரு சாக்குக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். "திரும்பி வருவியள் எண்டு முதலே நினைச்சனான் அக்கா," என்று பஸ்ரியன் பல்லைக் காட்டினான்.

றெஜினா ஊசியால் பசையைக் கிளறி எடுத்து, வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருகினாள். தாயும் மகளும் களப்புக்குப் போனார்கள். பூநாரைகள் வந்திருந்தன. பார்த்துக்கொண்டிருந்த றெஜினா சட்டென்று பைனாகுலரை இறக்கினாள். முகம் கறுத்துவிட்டது.

"அம்மா, அவையள் திரும்பி வருவினமோ?"

அப்பாடா, பிள்ளைக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறது! திரேசம்மாவுக்குக் கண் கலங்கியது. மகளின் தலையைத் தடவினாள்.

"வருவினம் ராசாத்தி. மாதா கைவிடமாட்டா."

றெஜினா பைனாகுலரை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு விம்மத் தொடங்கினாள்.

"வந்தா இதைக் கேப்பாளே!"

திரேசம்மா மகளைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள்.

"வரமாட்டினம்," என்றாள். "அழாத. இனி வரமாட்டினம்."

றெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பூநாரைகளைப் பார்த்தாள்.