குப்பம்மாவின் குண்டான்

தட்டைக் கையில் கொடுத்தால் கஜபதி முதலில் சாப்பாட்டைப் பார்க்கமாட்டார். விளிம்பில் என்ன பேர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பார். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, சாம்பார் வாளி தன்னைக் கடந்து போகும்போது தலையைச் சாய்த்து அதையும் படித்துவிடுவார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் மனைவி சுசீலாவுக்கு மானம் போகும். "சும்மா துன்னுய்யா. திருட்டுச் சாமான் புடிக்க வந்த போலீஸ்காரன் மாதிரியே பாக்குறது," என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் கஜபதி. இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு பிளாட்டில் இருக்கிறார். ஆனால் பேச்சுக்குப் பேச்சு முன்பு குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குத்தான் போவார். அங்கே எந்தச் சமையலறையிலும் அந்த வீட்டுப் பாத்திரம் மட்டும் இருந்ததில்லையாம். ஜேம்ஸ் வீட்டு கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டு சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போகும். வெறும் பாத்திரமாக யாரும் திருப்பித் தரமாட்டார்கள். "பேர் வெட்டிக்கீதுல்ல, எங்க சுத்துனாலும் ஊடு வந்து சேந்துடும்பா," என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். பத்து வயது குறைந்துவிடும்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அவருடைய மூட்டையிலும் நாலு வீட்டுப் பாத்திரங்கள் வந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் பரண்மேல் போட்டு மறந்திருப்பார்கள். இவர் ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்து, பாத்திரத்தில் சர்க்கரை நிரப்பி, ஸ்கூட்டரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஜேம்ஸ் மனைவி ஆக்னஸ், "இந்தக் கிண்ணத்துக்காகவா வேலப்பன்சாவடியிலருந்து செங்கல்பட்டு வந்தீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அடுத்த வீட்டுக் குப்பம்மாவின் எவர்சில்வர் குண்டான். ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் நிறைந்து வந்தது. திருப்பிக் கொடுப்பதற்குள் குப்பம்மாவின் புருஷன் திடீரென்று இறந்துபோக, அவர்கள் வீட்டைக் காலி செய்து எங்கேயோ போய்விட்டார்கள். அதைக் கொடுக்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று மனிதர் பிடிவாதமாக இருந்தார்.

நாணயஸ்தன் என்று நினைத்துக்கொள்ளலாம். அது மட்டுமில்லை. எல்லாவற்றுக்கும் போலந்துதான் காரணம்.

பல வருடங்களுக்கு முன்னால் இவரையும் தட்சிணாமூர்த்தி என்ற சக பிட்டரையும் தொழிற்சாலை ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. பனியில் வழுக்கி விழுந்தது, பீட்ரூட் சூப்பை ரசம் என்று நம்பிச் சோற்றில் ஊற்றிக்கொண்டது என்று அந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

"பயிய ஜெயிலு, சுத்திப் பாக்கலாம்னாங்க. எலுமிச்சஞ்சோறு கட்டிக்கினு போனோம் நைனா, பிக்னிக் போறாப்ல." போன இடம் ஆஷ்விட்ஸ். ஹிட்லரின் நாஜிகள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் யூதர்களைச் சரக்கு ரயிலில் அடைத்து அங்கே கொண்டுவந்தார்கள். வேறு ஊரில் குடியேற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் பலரை ஏற்றினார்கள். பெண்களும் அதை நம்பி, போகிற இடத்தில் உலை வைக்க வேண்டுமே என்று பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கிழவர்களும், குழந்தைகளும், கைக்குழந்தைக்காரிகளும் இறங்கிய அன்றே விஷவாயு அறைக்குப் போனார்கள். அந்த ஓர் இடத்திலேயே பத்து லட்சம் பேருக்கு மேல் கொன்றார்கள். ட்ரெப்ளிங்கா, சோபிபோர் என்று கொல்வதற்கென்றே கட்டிய முகாம்கள் வேறு. வேலை முடிந்ததும் அவற்றை இடித்துத் தள்ளி, மேலே மரம் நட்டுவிட்டார்கள்.

ஆஷ்விட்ஸில் மிஞ்சிய பாத்திரங்கள் இன்றும் கண்ணாடிக்குப் பின்னால் மலையாகக் கிடக்கின்றன. "நீலம், செகப்பு, வெள்ள, அல்லாம் எனாமலு. பால் காச்சுறது, கொயம்பு வெக்கிறது. நானு குந்திக்கினு ஒவ்வொண்ணா பேர் தேடுறேன். ஒண்ணுத்துலயும் காணோம். பெட்டிங்க மேல பேர் எய்திக்கீறாங்க, திருப்பித் தருவான்னு நம்பிக்கினு. தட்சிணாமூர்த்தி கையப் புடிச்சு இஸ்துகினு போறான். அப்பத்தான் எனக்குத் தோணிச்சு, பேர் இருந்தாத்தான் இன்னா? யாராண்ட போய் குடுப்ப? வாங்குறதுக்கு ஊட்ல ஒருத்தரயும் உட்டு வெக்கலியே." எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலத்தை இருவரும் பிரிக்கவேயில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் துப்புக் கிடைத்தது. குப்பம்மாவின் மகள் மோகனப்பிரியா நசரத்பேட்டையில் இருக்கிறாள். மறுநாளே குண்டானைத் துலக்கிச் சர்க்கரை நிரப்பி, சுசீலாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்தவள் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் எழுந்து வந்திருக்கிறாள். யாரென்று தெரிந்ததும் சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா போய் ரொம்ப வருஷம் ஆச்சு அங்கிள். இங்க கிச்சன்ல இருக்கறத வைக்கவே எடம் இல்ல. நீங்களே வச்சுக்கோங்க."

கஜபதி நீட்டிய கையை மடக்கவில்லை.

"அப்பால எங்க போட்டாலும் செரிம்மா. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். வாங்கிக்க நீ ஒருத்தி கீறல்ல. இப்ப உன் கையால வாங்கிக்கோ."

மோகனப்பிரியா அவரையும் குண்டானையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விளிம்பில் அம்மாவின் பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். "டீ போடறேன், உக்காருங்க," என்று உள்ளே போனாள்.

சர்க்கரையை டப்பாவில் கொட்டி, குண்டானை அலசி, பாலை அதிலேயே ஊற்றி அடுப்பில் வைத்தாள். சுசீலா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கஜபதி உட்காரவில்லை. சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பால் பொங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.