உம்மாமார் குரூப்பும் மகளின் தாடையும்

இன்று காலை மகளைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லில் ஒன்றுமில்லை.

மகள் ஹனாவுக்குப் பத்து வயது. இந்த வருடம் ஸ்கொலஷிப் பரீட்சை எழுதுகிறாள்.

இரண்டு கிழமையாகச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாள். வாயைத் திறந்தால் காதடியில் 'டக்' என்று ஒரு சத்தம்.

கூகுளில் தேடினேன். (நீங்கள் தேடாதீர்கள்.)

போன வெள்ளி மதினி வீட்டு விருந்தில், சஹன் என்ற ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றிப் பிள்ளைகள் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஹனா மெல்லத் தொடங்கியதும் மதினியின் மகள் கேட்டாள்:

"என்னடி, நண்டுக்கால் உடைக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹனா எழும்பிப்போய்க் கையைக் கழுவிவிட்டாள்.

"சஹன்ல இருந்து இடையில எழும்புறது மரியாதையா?" என்று நான் வேறு ஏசினேன்.

டொக்டர் ஒரு பெண். ஹனாவின் காதுகளுக்கு முன்னால் விரல்களை வைத்து, மெதுவாக வாயைத் திறந்து மூடச் சொன்னார்.

"தாடை மூட்டு இறுகிப்போயிருக்கு. பல்லக் கடிக்கிற பழக்கம் இருக்கு போல. எப்ப கடிக்கிற மகள்?"

"படுக்கக்குள்ளயா இருக்கும் டொக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"நான் மகளிட்டதான் கேட்டன்."

ஹனா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உம்மா குரூப்ல என்ட மார்க்ஸ் போடக்குள்ள."

வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமாருக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஒவ்வொரு மாதிரிப் பேப்பருக்கும் யார் பிள்ளைக்கு எத்தனை என்று போடுவோம். அதைத் தொடங்கிவைத்ததே நான்தான். மற்றப் பிள்ளைகளின் மார்க்ஸை ஹனாவுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான். உற்சாகம் வரும் என்று நினைத்தேன்.

"மத்தாக்கள் போடப் போட, உம்மாட முகத்தைப் பாத்துட்டே இருப்பன் டொக்டர். அப்ப பல்லு தானா கடிபடும்."

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சூட்டு ஒத்தடம், மெதுவான சாப்பாடு, சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பது. இவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னிடம், "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கனபேர் இப்பிடி வாறாங்க. மனசுல உள்ள பயம் தாடையிலதான் போய் நிக்குது" என்றார்.

ஓட்டோவில் வரும்போது கேட்டேன்.

"ஏன் கிளி, உம்மாட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீங்க அழுவீங்களே."

(அழுதேன். ஓட்டோக்காரர் பாவம், கண்ணாடியை மறுபக்கம் திருப்பிவிட்டார்.)

பின்னேரம் இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் பாலாணத்தில் குழைத்துக் கொடுத்தேன். ஹனா தின்றுகொண்டிருக்கும்போதே புதுப் பேப்பரின் முடிவு வந்து, குரூப் நிரம்பத் தொடங்கியது.

"ஹனாட உம்மா, மகளுக்கு எத்தன?"

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஹனா மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி மெல்லத் தொடங்கினாள்.

இதை எழுதட்டா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "மார்க்ஸ் இல்லாம எழுதுங்க" என்றாள்.

அந்தக் குரூப்பில் இருக்கும் உம்மாமாரே, உங்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் பிள்ளைக்கு எத்தனை என்று இனி நானும் கேட்கமாட்டேன். கேட்டால் இதை மட்டும்தான் கேட்பேன்:

பிள்ளை இன்று வயிறு நிறையச் சாப்பிட்டதா?