பதினேழாம் கல்

மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு அடுப்படி ஞாபகம் வரும்; எனக்கு மலை ஞாபகம் வருகிறது. புரட்டாசி வெயிலில் சூடேறிய பாறை, அதைத் தேய்க்கிற தேங்காய் நார், நாருக்கும் பாறைக்கும் நடுவில் மணல் கரகரக்கிற சத்தம், நகக்கண்ணில் புகுந்துகொண்ட வெள்ளைப் பெயிண்ட். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாமல், மூன்று நாள் நான் சோற்றைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சத்தியவேட்டுப் பக்கம், பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு மைல் உள்ளே நடந்தால் அந்த மலை வரும். தமிழ் பேசுகிற எங்களுக்கு அது 'மொட்டமலை', தெலுங்குக்காரர்களுக்குப் 'போடிகொண்ட'. உச்சியில் மட்டும்தான் மொட்டைப் பாறை. அதற்குக் கீழே சீத்தாப்பழப் புதர், களாச்செடி, ஈச்சம்புதர், இடுப்பளவு புல், அதற்கும் கீழே மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை, ஓடைக்கு இருபுறமும் எங்கள் காலனிக்காரர்களின் கல்லங்காடு, வேர்க்கடலை போடுகிற நிலம். மேற்கே மலைக்குப் பின்னால் மலையாக நீலம் அடுக்கிக்கொண்டு போகும். கடைசியாகத் தெரிவது திருப்பதி மலை என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் அதையும் நம்பவில்லை, "அத யாரு போய்ப் பாத்தாங்க?" என்றார்.

நம்பாமல் இருப்பது எங்கள் காலனியின் பழக்கம். பரம்பரையாகப் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கு அரசாங்கம் மலையடிவாரத்தில் நிலம் கொடுத்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பட்டாக் காகிதத்தை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். மாதம் ஒரு முறை அதை எடுத்து எழுத்து எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தப் புரட்டாசியில் ஒரு ஜீப் வந்தது. மூன்று கால் வைத்த கருவியும் ஒரு குடையும் ஒரு பெயிண்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மலை ஏறினார்கள். இறங்கி வருகையில் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். மறுநாள் சீத்தாப்பழம் பறிக்கப் போன பெண்கள், சரிவில் வரிசையாகப் பாறைகள்மேல் வெள்ளை வட்டமும் அதற்குள் நம்பரும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள்.

குவாரி வரப்போகிறது என்றார்கள். புதையல் என்றார்கள். என் அத்தை, அதாவது நைனாவின் அக்கா, எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரி, தீர்ப்பே சொல்லிவிட்டாள். "வூட்டு மேல நம்பர் போட்டா ஓட்டு கேக்க வருவான். கல்லு மேல போட்டா கல்லத் தூக்கினு போவத்தான் வருவான். புளியமரத்துக்கு நம்பர் போட்டானே, இன்னா ஆச்சி?"

அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ரோட்டோரப் புளியமரங்களுக்கு ஒருமுறை நம்பர் போட்டார்கள்; அந்த வருஷமே ஏலம் விட்டார்கள்; அதற்குப் பிறகு கீழே விழுந்த புளியைப் பொறுக்கினால்கூட ஏலக்காரன் கம்பை எடுத்துக்கொண்டு வந்தான். நம்பர் விழுந்த பொருள் நம்முடையது இல்லை என்பதை நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஆகவே நம்பரை அழித்துவிடுவது என்று முடிவானது.

பெண்களும் பிள்ளைகளுமாகப் பழம் பறிக்கப் போகிறவர்கள் போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கூடைக்குள் ரேஷன் மண்ணெண்ணெய், மணல், நார். நார் தோற்ற இடத்தில் சாணியும் மண்ணும் குழைத்து அப்பினோம். நம்பரைப் படித்துச் சொல்வதற்கு நான். காலனியில் ஐந்தாவது வரை வந்தவள் நான்தான் என்பதால், புதருக்குள் முன்னால் புகுந்து கல்லைத் தேடி, நம்பரைக் கூவிச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்த மூன்று நாளும் எனக்கு இருந்த மிடுக்கு இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் நிலத்துக்கு நேர் மேலே பதினேழாம் நம்பர் இருந்தது. அந்தக் கல்லுக்கு அடியில் ஒரு பொந்து. பொந்தில் புல் பரப்பி, முற்றிக் கண் திறந்த சீத்தாக்காய் ஒன்பதைப் பழுக்க வைத்திருந்தேன். கூட்டம் அங்கே வந்தால் அத்தை மகன் மோப்பம் பிடித்துவிடுவான், ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் பதினாறைக் கூவினேன், பதினெட்டைக் கூவினேன், நடுவில் இருந்ததை முழுங்கிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தபோது பொந்தில் எட்டுதான் இருந்தது. அணில் என்று நினைத்தேன். பிறகு அத்தை மகனாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, பதினாறு கீது, பதினெட்டு கீது, நடுவுல ஒண்ணு எங்கடி பூட்சி?"

"அது போடவே இல்ல அத்த. மறந்துட்டாங்க."

அவள் நம்பவில்லை. நைனாதான் குறுக்கே வந்தார். "கொழந்த படிச்சிகினு கீது, அதுக்குத் தெரியாதா? உடுக்கா." என் சொல்லை ஒரு பெரியவர் நம்பியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து ஜீப் திரும்பி வந்தது. இந்த முறை பெரிய ஆபீசர் ஒருவர் கூட வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "நம்பர்லு எவரு செரிப்பேசாரு?" யார் அழித்தது என்று கேட்டார். அழிக்கக்கூடாத எதை அழித்துவிட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த வெள்ளை வட்டங்கள்தான் எல்லை. அவற்றுக்கு மேலே காடு, கீழே எங்கள் பட்டா நிலம். எங்கள் நிலத்துக்கு அரசாங்கம் போட்ட வேலியை நாங்களே மூன்று நாள் கஷ்டப்பட்டுத் தேய்த்து எடுத்திருந்தோம். அளந்த கணக்கு காகிதத்தில் இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அது எந்த ஆபீசில் இருக்கிறது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அடையாளத்தை அழித்துவிட்டுக் காட்டைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று ஆபீசர் எங்களைச் சந்தேகப்பட்டார். ஓடையே எல்லை என்று கோடு போட்டுவிட்டார். பதினேழாம் கல் மட்டும் பளிச்சென்று நின்றதால், எங்கள் நிலத்துக்கு மட்டும் கோடு ஓடையைத் தாண்டி மேலே ஏறி வளைந்தது. அத்தையின் நிலத்தில் பாதி போனது. அந்தப் பாதியில்தான் அவள் மூன்று கோடை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மாங்கன்றுகள் இருந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட கன்றுகளைப் பார்த்துக்கொண்டே, "நல்லா நடத்திட்டடா தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு நைனாவோடு அவள் பேசவில்லை.

பழத்துக்காக நான் செய்த திருட்டுத்தனத்துக்கு நைனா கெட்ட பெயர் சுமக்கிறார் என்பது என்னை வருஷக்கணக்காக அரித்தது. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்ற பயம் போய், சொல்லாமல் விட்டோமே என்ற வெட்கம் வந்தது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் அத்தை வீட்டுக்குப் போய், பொந்து, ஒன்பது காய், எல்லாவற்றையும் சொல்லி, நைனாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று என் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள். "இத்தயும் ஒங்க நைனாதான் சொல்லிக்குடுத்தானா?" என்றாள்.

இப்போது நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். வருகிற பாகம் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். பிறவியிலேயே பயிற்சி உண்டு. கம்பெனி பஸ் ஜன்னலில் மொட்டமலை தூரத்தில் தெரியும். ஒருமுறை ஏறிப் போய்ப் பார்த்தேன். சீத்தாப் புதர்களை அழித்துத் தைலமரம் வைத்துவிட்டார்கள். களாச்செடி ஒன்றுகூட இல்லை. அத்தையின் மாங்கன்றுகள் நின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினேழாம் கல்லில் ஏழு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

போன புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை, வண்டிக்காரனிடம் சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டு நைனாவைப் பார்க்கப் போனேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார். "மருந்து வெச்சிப் பழுக்க வெச்சது. அன்னிக்கு அந்தப் பொந்துல நீ வெச்சியே, அதுதான் பழம். ஒண்ணு எடுத்துத் துன்னேன், இன்னும் நாக்குல நிக்குது."

நான் பொந்தைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தை அவரிடம் பேசுவதில்லை. அன்றைக்கு அவர் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து, தலைக்கு மேல் வெள்ளை நம்பரை வைத்துக்கொண்டுதான் என் பழத்தைத் தின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அத்தையிடம் 'கொழந்த படிச்சிகினு கீது' என்றும் சொல்லியிருக்கிறார். மேற்கொண்டு அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அணிலையும் அத்தை மகனையும் மனதுக்குள் மன்னித்துவிட்டேன். அத்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். என் பிள்ளைகள்மேல் செய்த சத்தியத்தை அவளிடம் எப்படித் திரும்பக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.