பார்க்காமல் கேட்ட சைபர்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு செக்கிங் வேலை. விட்டுப்போன தையல், கோணல் காஜா எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிறு மதியம் வீட்டில் ஸ்பேட்ஸ் சீட்டாட்டம் ஆடும்போதும் அப்படித்தான். அவளும் கணவனும் ஒரு கட்சி. கொழுந்தனும் அவன் மனைவியும் எதிர்க்கட்சி. சீட்டைப் பார்த்து, எத்தனை பிடி எடுப்போமென்று ஆளுக்கொரு எண் கேட்க வேண்டும். குறைந்தால் கேட்டதெல்லாம் போச்சு. அவள் மூன்று கேட்டால் மூன்று வரும்.

ஒரு வருஷம் திடீரென்று ஆறு, ஏழு என்று கேட்கத் தொடங்கினாள். பாதி ஆட்டம் கவிழ்ந்தது.

"உனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?" என்றான் கணவன்.

"தைரியம் வந்திருக்குங்க," என்று சிரித்தாள்.

உண்மையில் கறுப்புச் சீட்டுகளெல்லாம் அவளுக்கு ஒன்றாய்த் தெரிந்தன. துருப்பான இஸ்பேட் எது, கிளாவர் எது என்று பிரியவில்லை. எல்லாக் கறுப்பையும் துருப்பாக நினைத்துக் கேட்டாள். கண் போகிறதென்று வெளியே தெரிந்தால் வேலையும் போகும். வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு, தோற்கிற நிலையில், கவிழ்ந்து கிடந்த சீட்டைத் தொடாமலே "சைபர்" என்றாள். ஒரு பிடிகூட எடுக்க மாட்டேன் என்று அர்த்தம்; ஒன்று வந்து விழுந்தாலும் தொலைந்தது. பார்த்துக் கேட்டு மட்டும் என்ன கிழித்தோம் என்றிருந்தது அவளுக்கு. கணவன் வியர்த்து விறுவிறுத்து, பெரிய சீட்டாகப் போட்டு அவளைக் கரைசேர்த்தான்.

"அண்ணி, உங்க நெஞ்சு என்ன கல்லா?" கொழுந்தன் எழுந்து கும்பிட்டான்.

அடுத்த ஆட்டத்தில் அவன் "கிளாவர்" என்று சொல்லி இறக்கினான். தன்னிடம் கிளாவர் இல்லையென்று அவள் துருப்பால் வெட்டினாள். கொஞ்ச நேரத்தில், இஸ்பேட் என்று நினைத்து அவள் போட்டது கிளாவர் ராணி.

"இது எங்கேருந்து வந்துச்சு அண்ணி?"

கணவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"ஏமாத்திட்டேன்," என்றாள்.

"அப்போ போன ஆட்டமும்?" என்றான் கொழுந்தன்.

அதற்கும் தலையாட்டினாள்.

கொழுந்தன் வீட்டார் வருவது நின்றது. "விளையாட்டுல போய் இப்படித் தலைகுனிய வெச்சுட்டியே," என்றதோடு கணவனும் அந்தப் பேச்சை விட்டான். அவள் தையலை விரல்நுனியால் தடவிப் பார்த்து வேலையை ஓட்டினாள். தையலைத் தடவலாம், கறையைத் தடவ முடியுமா? ஒரு பெட்டிச் சட்டை கறையோடு திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் ஒன்றை விரித்து, "கறை எங்க இருக்கு, காட்டுங்கம்மா," என்றார். அவள் வெறும் துணியைத் தொட்டாள்.

"கண் நரம்பு செத்துப்போச்சு. முன்னமே வந்திருந்தா மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கணவன் கேட்டான். "எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"வேலைக்குப் போகாதேன்னு சொல்லியிருப்பீங்க."

"அப்போ அந்தக் கிளாவர் ராணி?"

"தெரியலைங்க. சத்தியமா தெரியலை."

அவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

சாயங்காலம் கொழுந்தனும் மனைவியும் வந்தார்கள். அவன் வாசலிலேயே நின்றான். "உங்களைப் போய்த் திருடி மாதிரி பார்த்துட்டேனே அண்ணி."

குரலை வைத்து அவன் பக்கம் திரும்பினாள். "நான்தானே அப்படிச் சொன்னேன் தம்பி. உள்ள வா, உட்காரு."

குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் நிறைந்து, மேசையில் வழிந்து, தரையில் சொட்டியது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.